மூடியில் ஒரு குச்சி

பிப்ரவரி 11

வணக்கம்.

நீ என் போனை எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம். லாரி பார்சலில் ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே மூன்று கண்ணாடி ஜாடிகள். பார்சல் ஆபீஸில் என்ன பொருள் என்று கேட்டார்கள். ஏரிச் சேறு என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "கண்ணாடிச் சாமான்" என்று எழுதிக்கொண்டார்.

ஏரியின் மற்ற இடங்களில் எடுத்த சேற்றையெல்லாம் நானே பார்த்து முடித்துவிட்டேன். நாணல் பக்கம் நத்தையும் சிப்பியும் போன வருஷத்தைவிட அதிகம். வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் நூல்புழு மட்டும்தான். அங்கே சாக்கடை இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம். நடுப்பள்ளத்துச் சேறு மட்டும் பாக்கி. அது உங்கண்ணன் கடைசியாக எடுத்தது. ஜாடிகள் என் மேசையிலேயே இருந்தன. திறக்கலாம் என்று உட்காருவேன், கை வராது. எழுந்து போய் வேறு வேலை பார்ப்பேன்.

ஏப்ரலில் நகரசபைக் கூட்டம். ஏரியின் அடியில் காற்று ஊதுகிற பம்புகளைப் பலனில்லை என்று நிறுத்திவிடலாமா என்று பேசப் போகிறார்கள். அடியில் உயிர் திரும்பியிருக்கிறதா இல்லையா என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஏரியின் பிராணிகளைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். இப்போது நீயும் நானும்தான். அதனால் உனக்கு அனுப்புகிறேன்.

சாவு வீட்டில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இது அதற்காக இல்லை. இது வேலை.

உன் அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

வணக்கமா? எனக்கா? ஒரே தட்டில் தலையோடு தலை முட்டிக்கொண்டு சேறு பொறுக்கினவளுக்கு வணக்கம் போட்டு எழுதுகிறீர்கள். நல்லது, அப்படியே இருக்கட்டும்.

பெட்டி வந்துவிட்டது. பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

"நீங்கதான் எங்கண்ணனைக் கொன்னீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். நானும் மறக்கவில்லை. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். இல்லை என்று சொல்லத் தோன்றாதா ஒரு மனுஷிக்கு?

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்தான். எப்போதும் "என்ன குட்டி, இன்னிக்கு எத்தனை பாட்டில் தண்ணியைக் குலுக்கினே?" என்று வம்புக்கு இழுப்பவன். அன்றைக்குக் குரலே இல்லை. "எனக்கு எல்லாமே வெறுத்துப் போச்சு. எதுக்கு இதெல்லாம்னு இருக்கு" என்றான். நான் பஸ்ஸில் இருந்தேன். ஒரே இரைச்சல். "தூங்கி எழுந்தா சரியாயிடும்ணா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் என்னை விடவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் சத்தம் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். அவர்கள் வீட்டு மிக்ஸியை மீறிக் கேட்டதாம். அதன்பிறகு அவன் தனியாக ஏரிக்குப் போயிருக்கிறான், காற்று அடிக்கிற நாளில், படகோட்டி காய்ச்சலில் படுத்திருக்கும்போது. படகு ஆளில்லாமல் நாணலில் போய் ஒதுங்கியிருந்தது. உள்ளே அவனுடைய மிதவைச் சட்டை மடித்து வைத்திருந்தது. மடித்து, அண்ணி! ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றி நாற்காலியைக் குறிபார்த்து எறிகிறவன் அவன். தவறி விழப்போகிறவன் சட்டையை மடித்து வைத்துவிட்டா விழுவான்?

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவன் விழுந்தானா, தானாகப் போனானா? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குட்டி


பிப்ரவரி 27

குட்டி,

உங்கண்ணன் போன நாளிலிருந்து நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இருந்திருந்தால் சாவு வீட்டிலேயே சொல்லியிருப்பேன். இல்லாததால் சுவரைப் பார்த்தேன்.

அந்த வாரம் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நடுப்பள்ளத்துச் சேற்றில் அவருக்கு ஒரு மூணுவால் கிடைத்தது. அந்தப் பூச்சியை அவர் எப்படித் தேடினார் என்று உனக்கே தெரியும். இறக்கை முளைத்து வெளியே வந்தால் ஒரு நாள் வாழ்க்கை, அதற்கு முன்னால் வருஷம் முழுக்க அடிச்சேற்றில் வளை தோண்டிக் குடியிருக்கும் குஞ்சு. காற்றில்லாத சேற்றில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. நாம் மூவரும் சேர்ந்து வேலை செய்த காலம் முழுக்க நடுப்பள்ளத்தில் சிவப்புப் புழுவைத் தவிர வேறொன்றைப் பார்த்ததில்லை. பம்பு வைத்தால் மூணுவால் திரும்பும் என்று நகரசபையில் தொண்டை வறளப் பேசி அந்தப் பம்புகளை வாங்கியதே உங்கண்ணன்தான்.

லேப்புக்குக் கொண்டுவருவதற்குள் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. படகோட்டிக்கு டீ, முடிவெட்டுகிறவரிடம் விளக்கம், நகரசபைத் தலைவருக்குப் போன். நான் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதுகில் நீளமாக ஒரு வெடிப்பு. உள்ளே ஒன்றுமில்லை. தோல். மலைப்பக்கத்து ஓடையில் எதுவோ உரித்துப் போட்டதைக் காற்று நடுவில் கொண்டுவந்து போட்டிருக்கும். காலி ஓடும் காலித் தோலும் கணக்கில் சேராது, தலையோடு இருப்பது மட்டும்தான் சேரும். நீ வேலைக்கு வந்த முதல் நாள் இந்த விதியை உனக்குச் சொன்னவரே அவர்தான்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "சட்டை கிடக்குதுன்னா ஆளு இருக்காருன்னு அர்த்தமா? ஸ்கூல் பசங்ககூட இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றேன். படகோட்டி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் காலையில் சமையலறையில் மறுபடியும் அதே பேச்சு. "நீ எப்பவும் செத்ததை மட்டும்தான் பார்ப்பே" என்றார். "நீங்க எப்பவும் இல்லாததை மட்டும்தான் பார்ப்பீங்க" என்றேன். மிக்ஸியை மீறிக் கேட்டது அதுதான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது தோல்தான் குட்டி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேறு குரலில் சொல்வேன், அவ்வளவுதான்.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

முதல் ஜாடியைத் திறந்துவிட்டேன். உங்களுக்காக இல்லை. கட்டிலுக்கு அடியில் அவன் இருக்கிறான் என்ற நினைப்போடு தூங்க முடியவில்லை.

ஸ்பிரிட் வாசனை அடித்ததும் அழுதேன். கல்யாண வீட்டுக்கு வந்தால்கூட அந்த வாசனையோடுதானே வருவான்! அடுத்தது உள்ளே கிடந்த சீட்டு. பேனாவில் எழுதினால் ஸ்பிரிட்டில் கரையும் என்று பென்சிலில் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுவோமே, அந்தச் சீட்டு. "நடுப்பள்ளம் ஒன்று." அவன் எழுத்து நனைந்தும் அப்படியே இருக்கிறது. அதைக் காய வைக்கக்கூட மனசில்லாமல் திரும்பவும் ஸ்பிரிட்டிலேயே போட்டேன்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தட்டைப் பரப்பி, லைட்டை இழுத்து வைத்து, இடுக்கியோடு உட்கார்ந்தேன். இத்தனை நாள் இங்கே தண்ணீர் பரிசோதனை லேப்பில் மெஷினுக்குப் பாட்டில் ஊட்டி ஊட்டிக் கண் மழுங்கிவிட்டது. முதலில் சேறு மட்டும்தான் தெரிந்தது. பிறகு மெல்ல ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வந்தன. சிவப்புப் புழுக்கள்தான், நிறமெல்லாம் போய் வெளுத்துக் கிடந்தன. வீட்டுக்காரம்மா வாடகை வாங்க வந்தவர் தட்டை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, சமையலா?" என்றார். "இல்லைங்க, எங்கண்ணன் அனுப்பினது" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. அவர் வாடகையைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

என்னை அவன் எப்படிக் கேலி செய்வான் தெரியுமா? "பாட்டில் தண்ணி விருந்தாளி மாதிரி குட்டி. வந்த அன்னிக்கு நல்ல முகத்தைத்தான் காட்டும். அடியில இருக்கிறதுங்க குடித்தனக்காரங்க. மீனாவது தண்ணி கெட்டா நீந்திப் போயிடும். இதுங்க எங்க போகும்? வருஷம் பூரா நடந்ததையெல்லாம் இதுங்ககிட்டதான் கேக்கணும்." நான் சிரிப்பேன். இப்போது அவனைப் பற்றிக் கேட்கவும் இந்தப் புழுக்களைத் தவிர யாருமில்லை எனக்கு.

இரண்டாவது ஜாடியும் பார்த்தாயிற்று. அதே புழுக்கள்.

ஒன்று சொல்லுங்கள். அவ்வளவு சண்டை போட்டீர்கள், சரி. படகோட்டி இல்லை என்று தெரியும். நீங்கள் ஏன் கூடப் போகவில்லை? முன்பெல்லாம் துடுப்புப் போட்டது நீங்கள்தானே.

குட்டி


மார்ச் 15

குட்டி,

கோபம். வேறு காரணம் இல்லை. லேப்பில் உட்கார்ந்து வாய்க்கால் பக்கத்து நூல்புழுவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய்க் கொக்கி போட்டுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அந்தக் காற்று ஏரியிலும் அடிக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் "வரட்டுமே, அவராகவே வரட்டும்" என்றுதான் இருந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

வீட்டில் அவருடைய சாமான்கள் எதையும் நகர்த்தவில்லை. மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல். ஒற்றைச் செருப்பு கட்டிலுக்கு அடியில், அதன் ஜோடியை அவரே எங்கோ தொலைத்தார். சாப்பாட்டு டப்பாவை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். தினமும் அதில்தான் சாப்பாடு கொண்டு போகிறேன்.

அந்த டப்பாவும் படகிலிருந்து வந்ததுதான். படகோட்டி மறுநாள் கொண்டுவந்து கொடுத்தான். பாதிக்கு மேல் சேற்றுத் தண்ணீர். மூடியைச் சரியாக மூடக்கூட இல்லை, இடுக்கில் ஒரு நாணல் குச்சி மாட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க ஜனங்கள், நீ ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாய். எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. சமையலறைக்குப் போய் அந்த டப்பாவைக் கழுவினேன். "ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியுதா இந்த மனுஷனுக்கு" என்று வாய்விட்டே திட்டினேன். அவர் இல்லை என்பது திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

டப்பாவில் சாப்பாடு மிச்சம் இல்லை. நான் கட்டிக்கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு இருக்கிற ஆறுதல் அந்த ஒன்றுதான், அதை நீ எடுத்துக்கொள்ளாதே.

மூன்றாவது ஜாடியை முடித்ததும் எழுது.

அண்ணி


மார்ச் 21

அண்ணி, அண்ணி,

மூன்றாவது ஜாடியில் ஒரு மூணுவால் இருக்கிறது.

தோல் இல்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், நாலு தடவை பார்த்துவிட்டேன். தலை இருக்கிறது. சேறு தோண்டுகிற கொம்பு இரண்டும் முழுசாக இருக்கின்றன. வயிற்றின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள்கள். முதுகில் வெடிப்பு இல்லை. இடுக்கியால் தொட்டால் உள்ளே சதை தெரிகிறது. நடுப்பள்ளம் மூன்று என்று அவன் எழுத்தில் சீட்டு. அவன் சொன்னது பலித்துவிட்டது அண்ணி. கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் போன கடிதத்தை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களிடம் அத்தனை பேச்சு வாங்கிக்கொண்டு போனவன், ஒரே ஒரு மூணுவால் கிடைத்திருந்தால் அதை ஸ்பிரிட்டில் போடுவானா? போட்டால் வெளுத்துவிடும், அசையாது. இதையும் தோல் என்று சொல்லிவிடுவீர்கள் என்று பயப்பட மாட்டானா? ஒன்றை ஜாடியில் போட்டிருக்கிறான் என்றால் அவனிடம் இன்னொன்றும் இருந்திருக்கிறது. விதிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. செவுள் அசைகிறதை உங்கள் கண்ணெதிரே காட்டுவதற்கு உயிரோடு ஒன்று. லேப்பில் எதையாவது உயிரோடு வைக்க வேண்டுமென்றால் அவன் என்ன செய்வான்? கையில் கிடைத்த பாத்திரத்தில் ஏரித் தண்ணீரை ஊற்றுவான். அடியில் கொஞ்சம் சேறு. மூடியை முழுக்க மூடாமல், காற்றுப் போவதற்கு இடுக்கில் ஒரு குச்சி.

அண்ணி, அந்த டப்பா படகில் எங்கே இருந்தது? படகோட்டியிடம் கேட்டு உடனே எழுதுங்கள். சட்டை எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.

குட்டி


மார்ச் 26

குட்டி,

படகோட்டியின் வீட்டுக்கே போனேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டப்பாவா? அது சட்டை மேலதாங்க இருந்துச்சு. சட்டையை நாலா மடிச்சு, நடுவுல குழியாட்டம் பண்ணி, அதுக்குள்ள உக்கார வச்சிருந்தாரு. அதனாலதான் படகு அந்த ஆட்டம் ஆடியும் டப்பா கவுழல. ஜாடி மூணும் பெட்டியில பத்திரமா இருந்துச்சு. சல்லடையைத்தாங்க காணோம்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலீங்களே. சட்டை மடிச்சிருந்துச்சான்னுதான் எல்லாரும் கேட்டாங்க" என்றான்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூன்றாவது தடவை அள்ளின சேற்றைச் சல்லடையில் அலசியிருக்கிறார். உள்ளே இரண்டு நெளிந்திருக்கின்றன. ஒன்றை ஜாடியில் போட்டார். இன்னொன்றுக்காக டப்பாவைக் காலி செய்தார். அதிலிருந்ததைச் சாப்பிட்டாரா, மீனுக்குக் கொட்டினாரா என்பது இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அலையில் டப்பா கவிழ்ந்துவிடக் கூடாது என்று தன் உடம்பிலிருந்த மிதவைச் சட்டையைக் கழற்றி அதற்கு மெத்தை போட்டார். அப்புறம் அழுக்குச் சல்லடையோடு வந்தால் நான் கத்துவேன் என்று, அதை அலசப் படகு ஓரத்தில் குனிந்திருக்கிறார்.

அவர் தானாகப் போகவில்லை குட்டி. என்னிடம் வருவதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

உனக்குச் சோறு இறங்கட்டும். இனி அந்தக் கேள்வி உனக்கு வேண்டாம்.

எனக்கு வேறொன்று இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் புரியாது. படகு கரைக்கு வந்தது மறுநாள். குச்சி மூடியிலேயே இருந்தது. காற்றுப் போயிருக்கும். நல்ல குளிர். அடியில் சேறும் இருந்தது. அது உயிரோடுதான் இருந்திருக்கும். நான் குழாயைத் திறந்து, விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். தட்டு நிறையப் போட்டு, அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அத்தனை பேர் முன்னால் சொன்னேனே, அதை அதே ஆட்கள் முன்னால் வாபஸ் வாங்கணும் நான். மன்னிப்பு என்று கடிதத்தில் எழுதினால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. நேரில் வருகிறேன். வந்தால் கதவைத் திறப்பீர்களா?

கழுவினதைப் பற்றி: உங்களுக்குத் தெரியாது அண்ணி. யாருக்குமே தெரியாது. அவன் திரும்பி வந்திருந்தால் அந்த டப்பாவை உங்கள் மூக்குக்கு நேராக நீட்டி என்ன ஆட்டம் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன். நினைத்துச் சிரிக்கிறேன், சிரித்துவிட்டு மூன்றாவது ஜாடியை எடுத்துத் திரும்பவும் பார்க்கிறேன்.

நகரசபைக்கான கணக்குத் தாளை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மூணுவால் ஒன்றென்று எழுதியிருக்கிறேன். இரண்டு என்று எழுதக் கை துடித்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் குட்டி


ஏப்ரல் 10

குட்டி,

ஒன்று என்பதே சரி. ஜாடியில் இருப்பது மட்டும்தான் கணக்கு.

நேற்று கூட்டம் முடிந்தது. பம்புகள் இன்னும் ஒரு வருஷம் ஓடும். நகரசபைத் தலைவர் எழுந்து நின்று உங்கண்ணன் தனக்குப் போன் செய்ததைச் சொன்னார். "சொன்னபடியே கிடைச்சிருச்சே" என்றார். முதலில் கிடைத்தது தோல் என்று நான் திருத்தவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பைத் திருத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறப்பேனா என்று கேட்டிருக்கிறாய். நீ வருகிற அன்றைக்கு ஏரிக்குப் போகலாம். காற்று இல்லாவிட்டால் மட்டும். இரண்டு பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு. புதுச் சல்லடை வாங்கியிருக்கிறேன்.

அந்த டப்பாவில் இப்போது சாப்பாடு எடுத்துப் போவதில்லை. ஏரித் தண்ணீர் பாதிக்கு ஊற்றி, அடியில் ஒரு கை சேறு போட்டு, மூடி இடுக்கில் குச்சி வைத்து, லேப்பில் அவருடைய மேசைமேல் வைத்திருக்கிறேன். காலையில் போனதும் மூடியைத் திறந்து பார்க்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் என் நாற்காலிக்குப் போகிறேன்.

அண்ணி